உடைஞ்சது பொம்மைதானே, ஏன் இவ்வளவு அழுகை? பார்த்துக்கொள்பவர் கையால் நடக்கும் விபத்தைச் சமாளிப்பது எப்படி?

ராமநாதபுரம், ராமேஸ்வரம் கரையோர வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அப்பா, அம்மா மட்டும் இல்லை. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போயிருப்பார், இல்லையென்றால் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார். அம்மா பாசி எடுக்கவோ, மீன் ஏலத்துக்கோ, ராமநாதபுரம் டவுனில் உள்ள அலுவலகத்துக்கோ கிளம்பியிருப்பார். பகல் முழுக்க குழந்தை அப்பத்தாவிடம், அம்மாச்சியிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம், சம்பளத்துக்கு வரும் அம்மாவிடம் இருக்கும். கொஞ்சம் வளர்ந்த குழந்தை என்றால் அங்கன்வாடி டீச்சரிடமும் ஆயாவிடமும்.

அப்படி ஒரு பகலில்தான் அது நடக்கும். அழுக்கா இருக்கே என்று கரடி பொம்மையைச் சோப்புத் தண்ணியில் ஊறவைத்துவிடுவார்கள். சக்கரம் இல்லாத காரைக் குப்பை வண்டியில் போட்டுவிடுவார்கள். அக்னி தீர்த்தக் கடையில் வாங்கிய சிப்பி ஆமை காலில் மிதிபட்டு ரெண்டாகிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் வீடே ரணகளம். குழந்தை அழுது ஓயாது, பெரியவருக்குக் கை காலே ஓடாது. சாயங்காலம் வேலை முடிந்து வரும் நீங்கள் யாரைச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

அந்த நேரத்தில் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?

அந்த ஒரு பொம்மை மட்டும் ஏன் அவ்வளவு முக்கியம்?

வீட்டில் பத்து பொம்மை இருக்கும். ஒன்பது உடைந்தாலும் குழந்தை கவலைப்படாது. பத்தாவதுதான் பிரச்னை. காது கிழிந்து, நிறம் போய், ஒரு மாதிரி வாசம் வீசும் அதைத்தான் கட்டிப்பிடித்துத் தூங்கும்.

இதை முதலில் விரிவாக எழுதியவர் டொனால்ட் வின்னிகாட். இங்கிலாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர். 1951-ல் அவர் வாசித்து, 1953-ல் அச்சான கட்டுரையில் சொன்ன விஷயம் இதுதான்: அம்மாவும் தானும் ஒன்று என்ற நிலையிலிருந்து, தான் வேறு, உலகம் வேறு என்று குழந்தை புரிந்துகொள்ளும் பயணத்தில் அதற்கு ஒரு துணை தேவைப்படுகிறது. ஒரு துணி, ஒரு கரடி, ஒரு தலையணை உறை என்று எதுவாகவும் இருக்கலாம். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தில் அம்மாவின் இடத்தைக் கொஞ்சம் நிரப்பி வைப்பது அந்தப் பொருள்தான்.

அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தப் பொருள் அழுக்கானாலும், நாற்றம் எடுத்தாலும் பெற்றோர் துவைக்காமல் விட்டுவைக்கிறார்கள். துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு தொடர்ச்சி அறுந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்கிறார் வின்னிகாட். அதனால் ‘துவைச்சதுக்கா இப்படி அழுவுற?’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. நமக்கு அது அழுக்கு. குழந்தைக்கு அது அடையாளம்.

நம் கரையோரத்தில் இதற்கு இன்னொரு கனம் சேர்கிறது. வளைகுடாவிலிருந்து வந்த அப்பா போன விடுமுறையில் கொடுத்துவிட்டுப் போன பொம்மை, அடுத்த விடுமுறை வரைக்கும் அப்பாவுக்குப் பதில். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டு, அங்கே சிறையில் இருக்கும் அப்பாக்களும் இந்தக் கரையில் உண்டு. அந்த வீட்டில் ‘அப்பா வாங்கிக் கொடுத்தது’ என்றால் அதன் விலை எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது.

அதே மாதிரி இன்னொன்று வாங்கினால் போதாதா?

பெரும்பாலான வீடுகளில் முதலில் வரும் யோசனை இதுதான். ‘ஆன்லைன்ல அதே மாடல் இருக்கு, நாளைக்கே வந்துடும்.’

புரூஸ் ஹூட், பால் ப்ளூம் என்ற இரு உளவியலாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்துப் பார்த்தது. 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் ஒரு ‘நகல் எடுக்கும் இயந்திரத்தை’க் காட்டினார்கள். பொருளை உள்ளே வைத்தால் அச்சு அசலாக இன்னொன்று வரும் என்று குழந்தைகள் நம்பும்படி அமைத்த பெட்டிகள் அவை. சாதாரணப் பொம்மை என்றால் நகலையும் குழந்தைகள் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். தினமும் கூடவே தூங்கும் பொம்மை என்றதும் கதை மாறியது. பெரும்பாலானவர்கள் அசலைத்தான் கேட்டார்கள். சிலர் அதை இயந்திரத்துக்குள் வைக்கவே விடவில்லை.

ஆக, 3 வயதிலேயே ‘அதே மாதிரி’ வேறு, ‘அதே’ வேறு என்று தெரிகிறது. புதியது வாங்குவது தப்பில்லை. ஆனால் அதைப் பழையது என்று சொல்லி நீட்டுவதும், பழையது போன சோகம் ஆறுவதற்குள் கையில் திணிப்பதும் வேலைக்கு ஆகாது. ‘இது வேற கரடி. பழைய கரடி கிழிஞ்சு போச்சு. இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை ‘வேணாம்’ என்றால் ஒரு வாரம் அலமாரியில் இருக்கட்டும்.

‘காக்கா தூக்கிட்டுப் போச்சு’ என்று சொல்லிவிடலாமா?

சொல்லக் கூடாது. பயத்தில் பலர் செய்வது இதுதான். ‘கடல்ல போயிடுச்சு’, ‘பூச்சாண்டி எடுத்துட்டான்’, சில நேரம் ‘நீயேதான் எங்கேயோ போட்டிருப்ப’. கடைசியாகச் சொன்னதுதான் மோசம். தான் செய்யாத தப்பைக் குழந்தை சுமக்கத் தொடங்கிவிடும்.

இங்கே சிலர் காஃப்காவை நினைவுபடுத்துவார்கள். 1923-ல் பெர்லினில் வசித்தபோது, பொம்மையைத் தொலைத்துவிட்டுப் பூங்காவில் அழுத ஒரு சிறுமியை எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா சந்தித்தார். ‘பொம்மை பயணம் போயிருக்கிறது’ என்று சொல்லி, பொம்மை எழுதுவது போலவே சில வாரங்களுக்குத் தினமும் கடிதம் எழுதிக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். அவருடன் வாழ்ந்த டோரா டயமன்ட் பின்னாளில் சொன்ன கதை இது. அந்தக் கடிதங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

அழகான கதைதான். ஆனால் பொம்மையைத் தொலைத்தது காஃப்கா இல்லை. அது எங்கே போனது என்று யாருக்குமே தெரியாது. அவர் ஒரு சோகத்துக்குத் துணையிருந்தார், தன் தப்பை மறைக்கவில்லை. அப்பத்தாவுக்குத் தெரியும், பொம்மை குப்பை வண்டியில் போனது. அதை மறைத்து ஒரு கதை சொன்னால் குழந்தை கட்டிலுக்கு அடியில், மாடியில், கிணற்றடியில் என்று நாள்கணக்கில் தேடிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நாள் பெரியவர்கள் பேச்சில் உண்மை வெளியே வரும். அப்போது பொம்மையோடு அப்பத்தா மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும்.

முதல் அரை மணி நேரம்

குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு இதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அல்லது படித்துக் காட்டலாம்.

1. முதலில் பாதுகாப்பு. உடைந்த சிப்பி கையைக் கிழிக்கும். ஓலைக் கிலுகிலுப்பை பிரிந்தால் உள்ளே இருக்கும் சிறு கற்கள் குழந்தையின் வாய்க்குள் போகும். பேட்டரி பொம்மை என்றால் மூடி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வட்டமான பொத்தான் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். ஒட்ட முடியாவிட்டாலும் குழந்தை கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கும்.

3. குழந்தையே கண்டுபிடிக்கும் முன் சொல்லிவிடுங்கள். குனிந்து, கண் மட்டத்துக்கு வந்து, நாலே வரியில். ‘தங்கம், இங்க வா. உன் ஆமைய அப்பத்தா பார்க்காம மிதிச்சுட்டேன். ஓடு ரெண்டா போச்சு. என் தப்புதான்டா.’

4. அந்த நாலு வரியோடு ‘ஆனா’ சேர்க்காதீர்கள். ‘ஆனா நீ ஏன் வழியில போட்ட?’ என்று ஆரம்பித்தால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். பொம்மையை எடுத்து வைக்கும் பழக்கத்தைப் பற்றி நாளைக்குப் பேசலாம்.

5. அழட்டும். ‘இதுக்குப் போய் அழலாமா, ஆம்பளப் புள்ள நீ’ என்று சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

6. சாக்லேட், செல்போன் இரண்டையும் உடனே நீட்டாதீர்கள். அழுகை நிற்கும், ஆனால் விஷயம் முடியாது.

ஸாரி சொன்னால் சரியாகிவிடுமா?

பாதிதான். மரிசா ட்ரெல், விக்ரம் ஜஸ்வால் என்ற ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 6, 7 வயதுக் குழந்தைகள் பிளாஸ்டிக் கப்புகளை அடுக்கிக் கோபுரம் கட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் கை தவறுவது போல அதைச் சரித்துவிட்டார். சில குழந்தைகளிடம் மன்னிப்பு கேட்டார். சிலருக்குத் திரும்பக் கட்ட உதவினார். சிலருக்கு எதுவும் செய்யவில்லை.

மன்னிப்பு மட்டும் கிடைத்த குழந்தைகளின் வருத்தம், எதுவுமே கிடைக்காத குழந்தைகளின் வருத்தத்துக்குக் குறையாமல் இருந்தது. திரும்பக் கட்ட உதவி கிடைத்தவர்கள்தான் கொஞ்சம் தேறினார்கள். அதற்காக மன்னிப்பு வீண் இல்லை. மன்னிப்பு கேட்ட பெரியவரிடம் குழந்தைகள் பிறகு தாராளமாக நடந்துகொண்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், மன்னிப்பு உறவைக் காப்பாற்றுகிறது. சேர்ந்து சரிசெய்வது மனதை ஆற்றுகிறது. இரண்டும் வேண்டும்.

கோபம் வந்தால்?

வரும். ‘அப்பத்தா கெட்டவங்க, போ’ என்று கத்தும். பொம்மையைப் பறிகொடுத்த குழந்தையின் கோபம் நம் இலக்கியத்துக்குப் பழைய விஷயம். சங்க நூலான ஐங்குறுநூற்றில், கடற்கரையைப் பாடும் நெய்தல் பகுதி அம்மூவனார் பாடியது. அதன் 124-வது பாடலில், மணலில் தான் செய்த பாவையைக் கடல் அலை கொண்டுபோய்விட, ஒரு பெண் மணலை அள்ளி அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள்.

கடல் தூராது என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் மணலை அள்ளிப் போட்டுத்தான் அவள் கோபம் ஆறும். வீட்டிலும் அப்படித்தான். அடிக்கவோ கடிக்கவோ வந்தால் கையைப் பிடித்துத் தடுக்கலாம். ‘கோவமா இருக்கு, இல்ல? எனக்குப் புரியுது’ என்று சொல்லலாம். ‘பெரியவங்கள அப்படிச் சொல்லலாமா?’ என்ற பாடம் அந்த நிமிஷத்துக்கு வேண்டாம்.

எப்படிச் சரிசெய்வது?

பொருளைப் பொறுத்து வழி மாறும். எதுவாக இருந்தாலும் குழந்தை பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், முடிந்ததைச் செய்யட்டும்.

*துணி பொம்மை:* கிழிசலைக் கண்ணில் படும் நிற நூலில் தைத்தாலும் பரவாயில்லை, ‘காயத்துக்குத் தையல்’ என்று சொல்லுங்கள். துவைத்து வாசம் போய்விட்டதா? நன்றாக வெயிலில் காயவைத்து, அம்மா உடுத்திய பழைய சேலையில் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். உள்ளே இருக்கும் பஞ்சு ஈரமாகவே இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

*சிப்பி, சங்கு:* இவை கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. பளபளப்பாக்குகிறேன் என்று புளி, எலுமிச்சை, வினிகர் போட்டால் மேல்பரப்பு கரைந்து மெருகு போய்விடும். வெறும் தண்ணீர் போதும். உடனே ஒட்டும் பசை தோலையும் ஒட்டிவிடும், அந்த வேலையைப் பெரியவரே செய்யணும். ஈடுகட்டக் கடலிலிருந்து பவளப்பாறைத் துண்டு எடுத்துத் தருவது வேண்டாம். பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, எடுப்பது குற்றம்.

*ஓலை பொம்மை:* பனைக்குப் பேர்போன மாவட்டத்தில் இது சுலபம். காய்ந்த ஓலையை அப்படியே வளைத்தால் முறியும், தண்ணீரில் நனைத்தால் வளையும். முடையத் தெரிந்த அப்பத்தாவே பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்காரவைத்துப் புதிதாக முடையலாம். உடைத்த கையே செய்து கொடுப்பதைக் குழந்தை பார்க்கும்.

*பிளாஸ்டிக், எலக்ட்ரானிக்:* சரிசெய்ய முடியாதது நிறைய இருக்கும். புதியது வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

எதுவுமே முடியாவிட்டால், வழியனுப்பி வைக்கலாம். ஒரு போட்டோ, ஒரு டப்பா, வேப்பமரத்தடியில் ஓர் இடம். துணியாகவோ ஓலையாகவோ இருந்தால் புதைக்கலாம். பிளாஸ்டிக் என்றால் டப்பாவிலேயே இருக்கட்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும் உங்களுக்கு

பெரிய சோதனை உண்மையில் இங்கேதான். குழந்தையின் பொம்மையை உடைத்தவரிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைக் குழந்தை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

1993-ல் கேரன் பேரட்டும் அவரது சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 2 வயதுக் குழந்தைகளிடம், இது எனக்குப் பிடித்த பொம்மை என்று சொல்லி ஒரு பெரியவர் கொடுத்துவிட்டுப் போவார். விளையாடும்போது அதன் கால் கழன்று விழும்; அப்படி விழும்படி முன்கூட்டியே அமைத்திருந்தார்கள். சில குழந்தைகள் அந்தப் பெரியவர் திரும்பி வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகின. சில குழந்தைகள் தாமாகவே காட்டின, ஒட்டவைக்கப் பார்த்தன. மறைப்பதா, சொல்வதா என்ற இந்தப் பிரிவு 2 வயதிலேயே தெரிகிறது.

உங்கள் குழந்தை எந்தப் பக்கம் வளரும்? தப்பு செய்தவரை உங்கள் வீடு என்ன செய்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கும். அப்பத்தாவை நாலு பேர் முன்னால் வைத்து, ‘உங்ககிட்ட விட்டதே தப்பு’ என்று சொன்னால் குழந்தைக்குக் கிடைக்கும் பாடம் இது: தப்பைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம். அடுத்த தடவை அது தண்ணீர்ப் பாட்டிலை உங்கள் லேப்டாப்பில் கொட்டிவிட்டுச் சத்தமில்லாமல் போர்வையால் மூடிவைக்கும்.

சம்பளத்துக்கு வரும் அம்மா என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவருக்கு பயம் இரட்டை: குழந்தை அழுகிறது, வேலையும் போகுமோ? பொம்மைக்காகச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். இன்றைக்குப் பொம்மை விஷயத்தை மறைக்கக் கற்றுக்கொண்டவர், நாளைக்குக் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்ததையும் மறைப்பார். அது உங்களுக்குத் தெரியாமல் போவதுதான் ஆபத்து. ‘சொன்னதுக்கு நன்றிக்கா. என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்லுங்க’ என்று தொடங்குங்கள்.

விபத்து என்பதும் அலட்சியம் என்பதும் வேறு. ஒரே மாதிரி மூன்று தடவை நடந்தாலோ, குழந்தையைத் தண்டிக்க வேண்டுமென்றே பொம்மையைத் தூக்கி எறிந்தாலோ அது வேறு பேச்சு. அதைத் தனியாக, குழந்தை இல்லாத இடத்தில் பேசுங்கள்.

தூரத்தில் இருக்கும் அப்பாவுக்குச் சொல்லணுமா?

சொல்லுங்கள், ஆனால் முதலில் அவரைத் தயார்படுத்துங்கள். வீடியோ காலில் குழந்தை அழுதுகொண்டே சொல்லும்போது, ‘அழாத, வரும்போது பெருசா வாங்கிட்டு வர்றேன்’ என்று சொல்லத்தான் எந்த அப்பாவுக்கும் வாய் வரும். அதற்கு முன்னால், ‘அந்த பொம்மைய வாங்கின அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?’ என்று அவர் ஆரம்பித்தால் குழந்தைக்குப் பொம்மை போனாலும் கதை மிஞ்சும். அப்பா அனுப்பியது போயிற்று, அப்பா போகவில்லை என்று புரிவதற்கு அந்தப் பேச்சு உதவும்.

முன்கூட்டியே என்ன செய்யலாம்?

எந்தப் பொம்மை ‘அந்தப் பொம்மை’ என்று பார்த்துக்கொள்பவருக்குச் சொல்லியிருக்கிறீர்களா? பல வீடுகளில் இல்லை. மருந்து, சாப்பாடு, தூங்கும் நேரம் எல்லாம் சொல்வோம், இதை விட்டுவிடுவோம். ‘இதைத் துவைக்கணும்னா என்னைக் கேளுங்க, எதையும் குப்பையில போடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ அனுப்புங்க’ என்ற இரண்டு வரி போதும். துவைத்தே ஆகணும் என்றால் குழந்தை பார்க்கத் துவைத்து, கொடியில் தொங்குவதைக் காட்டுங்கள்.

இரண்டு, மூன்று வாரம் தாண்டியும் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பழையபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தால் குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள். பொம்மை ஒரு சாக்காக இருக்கலாம், உள்ளே வேறு பிரிவின் வலி இருக்கலாம்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு அவ்வளவு தூரம் போகாது. இப்படிப்பட்ட பொருளை வளரும் குழந்தை ஒரு கட்டத்தில் மறப்பதும் இல்லை, அதற்காகத் துக்கப்படுவதும் இல்லை. அதன் முக்கியத்துவம் மெல்லக் கரைந்துவிடும் என்று வின்னிகாட் எழுதியிருக்கிறார். கரடியும் ஆமையும் எப்படியும் ஒரு நாள் பரணுக்குப் போகும். ‘என் தப்புதான்டா’ என்று அப்பத்தா குனிந்து சொன்னது மட்டும் குழந்தையோடு வளரும்.